சும்மா இருக்காத மாதிரி

ஜனவரி 12, திங்கள்

சாப்பாட்டு அறைக் கண்ணாடிகளை இன்றும் துடைத்தேன். நேற்றும் துடைத்ததுதான். அதில் விரல் வைத்து அழுக்காக்கக்கூட ஒரு ஆள் வரவில்லை.

நவம்பர் மழையில் கீழ் வளைவில் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பங்களா ஹோட்டலுக்கு விருந்தாளி என்று யாரும் ஏறி வந்ததில்லை. ஆனாலும் காலையில் நான் சீருடை போட்டு, தலை வாரி, வரவேற்பு மேசைக்கு வந்துவிட வேண்டும். மீனம்மா அக்கா துடைப்பத்தோடு மாடிப்படியில் நிற்க வேண்டும். சமையல்காரர் அழகுமுத்து அண்ணன் யாருக்கும் சமைக்காத அடுப்படியில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

கேட்டில் ஒரு கமரா, முன்மண்டபத்தில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, புல்தரையைப் பார்த்து ஒன்று. நான்கையும் முதலாளி உமாசுதன் ஐயா லண்டனிலிருந்து தன் போனில் பார்ப்பார். அடுப்படியிலும் நாங்கள் தங்கும் பின்பக்கக் காம்பராக்களிலும் மட்டும் இல்லை.

இன்று ஒரு கோப்பை பிளேன்டீயோடு மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயில் வைக்கவில்லை, போன் அடித்தது.

“என்ன பிள்ளை, ஆறுதலா இருக்கிறியள் போல?”

“இல்லீங்க சார், இப்பதான்...”

“இல்லை இல்லை, இருங்கோ. நான் சும்மா கேட்டனான்.”

சும்மா கேட்பதற்கு லண்டனிலிருந்து யாராவது போன் எடுப்பார்களா? எழுந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போய் ஊற்ற வேண்டியதாயிற்று.

ஜனவரி 13

இன்று போன் வரவில்லை. வராத நாளில்தான் பயம் அதிகம்.

ஜனவரி 15, பொங்கல்

விடியலிலேயே அடுப்படி வாசலில் சின்னதாக ஒரு பானை வைத்தோம். என்னோடு பின்பக்கத்தில் தங்கியிருக்கும் அம்மா கிளறினாள். மீனம்மா அக்கா தான் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கரும்புத் துண்டு கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் கமரா இல்லாத பக்கம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து.

அழகுமுத்து அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். “கையில எப்பவும் ஒரு சாமான் இருக்கணும் புள்ள. ஒரு துண்டாவது. வெறுங்கையோட நடந்தா சும்மா நடக்கிற மாதிரி தெரியும். அப்பறம், போன் அடிச்சா ஒடனே எடுக்காத. ஒடனே எடுத்தா பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன்னு அர்த்தம். நாலஞ்சு தரம் அடிக்க வுட்டு, மூச்சு வாங்க எடுக்கணும்.”

மீனம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து போய் நான் புத்தக அலுமாரியை உயர வரிசைப்படி அடுக்கினேன். நேற்று நிற வரிசைப்படி அடுக்கியிருந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

இன்று ஐயாவின் போன் வந்தது.

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

“நான் ஒளிக்காமல் சொல்லுறன். வருமானம் இல்லை. சமையலுக்கு ஒராள் வேணும், மற்ற எல்லாத்துக்கும் சேத்து ஒராள் போதும். மீனம்மாவும் நல்லா வேலை செய்யிறா, சுலக்ஷனாவும் நல்லா செய்யிறா. இந்த மாசம் முடியப் பாத்துட்டுச் சொல்லுறன். விளங்குதே?”

“வெளங்குதுங்க சார்” என்று மீனம்மா அக்கா சொன்னார்.

பாத்துட்டு! எதைப் பார்ப்பது? வேலையே இல்லாத இடத்தில் யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாராம்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்தில் எங்கள் வீட்டுச் சுவர் நவம்பரில் மேலிருந்து கீழ் வரை வெடித்துவிட்டது. இனி அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தபோது, அம்மாவின் இடுப்பு வலியைச் சொல்லி ஐயாவிடம் கேட்டேன். பின்பக்கக் காம்பரா ஒன்றைத் தந்தார். நான் வேலையில் இருக்கும் வரைக்கும் என்றுதான் தந்தார். இப்போது பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. வேலை போனால் அம்மாவை எங்கே படுக்க வைப்பேன்?

அம்மா கேட்டாள்: “என்னா சொன்னாரு மொதலாளி?”

“பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னாரும்மா.”

ஜனவரி 21

விடிய முன்பே எழுந்து புல்தரைக்குப் போனேன். மீனம்மா அக்கா ஏற்கெனவே அங்கே நின்றார், பனியில், துடைப்பத்தோடு.

ஜனவரி 24, சனி

இப்படி ஒரு பைத்தியம் எங்கேயாவது உண்டா?

மீனம்மா அக்கா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கிறார். நான் கம்பளத்தை வெளியே இழுத்துப்போட்டுத் தட்டுகிறேன். அவர் பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்க்கிறார். நான் நன்றாக இருக்கும் பூச்செடியைத் தோண்டி எடுத்து அடுத்த பாத்தியில் நடுகிறேன். இன்று அவர் துடைத்து முடித்த மண்டபத் தரையை ஈரம் காயும் முன் நான் மறுபடி துடைத்தேன். அவர் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

நான் வேலைக்கு வந்த முதல் நாளில் எனக்குப் படுக்கை விரிப்பை மடித்துச் செருகச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். “கோணலாப் போனா வெள்ளக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான், நம்ம மனசுதான் சொல்லும்” என்று சொன்னவர்.

அவருக்கு என் அம்மா வயது. புருஷன் இல்லை. மகள் தனுஜா கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். தேயிலைக் கொழுந்து பறிக்க முழங்கால் விடவில்லை என்றுதான் இங்கே வந்தார். அந்த முழங்காலோடு இன்று ஏணியில் ஏறினார். பார்த்துக்கொண்டு இருந்தேன். இறங்குங்க அக்கா என்று ஏன் சொல்லவில்லை நான்?

ஜனவரி 27, செவ்வாய்

அடுப்படியில் மீனம்மா அக்காவும் நானும் தனியாக இருந்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னாக்கா?”

“ஒண்ணுமில்ல. காலையில இருந்து தல கிறுகிறுங்குது. இந்தக் கை வேற மரத்துப் போவுது.”

“மருந்து எடுக்கலையா?”

“பிரஷர் குளுச முடிஞ்சி போச்சி. டவுனுக்குப் போகணும்னா ஒரு நாள் லீவு போடணும். இப்ப லீவு கேட்டா அந்தாளு என்னா நெனைப்பாரு?”

பிறகு அவரே சொன்னார்: “சுலா, நீ சின்னப் புள்ள. படிச்சிருக்க. நுவரெலியாவுல எங்கயாவது ஒனக்கு வேல கெடைக்கும். என்னைய யாரு எடுப்பா? தனுஜா வா வாங்கிறா. மருமகன் வீட்டுல ஒரு மூலையில போயிக் கெடக்கிறதுக்கு, இங்கயே தொடச்சிக்கிட்டுக் கெடந்துருவேன்.”

“எங்கம்மாவ எங்கக்கா கொண்டு வைப்பேன்?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் குரல் கத்தியாக வந்தது.

அவர் தலையாட்டினார். “அதுவும் சரிதான்.” ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். கமராவுக்கு முன்னால் போனதும் நடை வேகமானது.

நான் போய்க் குளிசை வாங்கி வந்திருக்கலாம். என் லீவைப் போட்டிருக்கலாம்.

ஜனவரி 29, வியாழன்

மீனம்மாக்கா

நான் புல்தரையில் இருந்தேன். நேற்று ராத்திரி மழை, மண்ணெல்லாம் ஈரம், அதிலேயே பூவாளி வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பையில் போன் அடித்தது. நான் எடுக்கல. அடிக்கட்டும், நான் வேலை செய்யிறேன்னு தெரியட்டும்னு வுட்டுட்டேன். நின்னுச்சி. திரும்ப அடிச்சிச்சி. கமராப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு அடுத்த பாத்திக்குப் போனேன். எனக்கு ஆத்திரம். இன்னிக்காவது பார்த்துக்கிட்டே இருக்கட்டும்னு ஆத்திரம். திரும்பத் திரும்ப அடிச்சிச்சி. பூவாளி காலியாகிற வரைக்கும் ஊத்தினேன். பிறகு கொழாய்க்குப் போயி நெரப்பினேன். நெரப்பிக்கிட்டு வந்து மறுபடி ஊத்தினேன்.

கடைசியில எடுத்தேன். அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரி மூச்சு வாங்கி எடுத்தேன். “ஹலோ சார், தோட்டத்துல வேலையா இருந்தேன்...”

“சாப்பாட்டறைக்கு ஓடுங்கோ பிள்ளை! அந்த மனிசி விழுந்து கிடக்குது! ஓடுங்கோ!”

மேசைக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் வழிந்து, தரை முழுக்க வாளித் தண்ணீர். என்னைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது. இடது கையில் துணி அப்படியே இருந்தது.

அழகுமுத்து அண்ணன் சாமான் வாங்கத் தலவாக்கலை டவுனுக்குப் போயிருந்தார். நான் கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடினேன். ஆட்கள் வந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டி, சரிந்த மண்ணுக்கு மேலால் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சேறு முழங்கால் வரைக்கும். அந்தப் பக்கம் த்ரீவீல் ஆட்டோ நின்றது. நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். நல்லாயிரும் அக்கா, நல்லாயிரும் அக்கான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

எவ்வளவு நேரம் கெடந்தாங்க? எவ்வளவு நேரம் நான் தண்ணி ஊத்தினேன்?

ஜனவரி 30

உயிருக்குப் பயமில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் தாதி சிங்களத்தில் சொன்னார், கொஞ்சம் முன்னதாகக் கொண்டு வந்திருந்தால் இன்னும் நல்லது என்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதுதான் போல.

ஜனவரி 31, சனி

ஐயா போன் எடுத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. விசாரித்தார். பிறகு சொன்னார்:

“போனிலை நாலு பெட்டி தெரியும் பிள்ளை. ஒரு பெட்டியிலை அந்த மனிசி நிலத்திலை கிடக்குது. பக்கத்துப் பெட்டியிலை நீங்கள் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துறியள். நான் இஞ்ச இருந்து கத்துறன்.”

நான் அழுதேன்.

“அழாதேங்கோ. லைன் கிடைக்கேல்லை எண்டு மகளுக்குச் சொல்லியிருக்கிறன். அப்பிடியே இருக்கட்டும்.” போனை வைக்கும் முன் சொன்னார்: “உங்கடை வேலையைப் பற்றி இனி யோசிக்காதேங்கோ.”

மாசம் முடிந்துவிட்டது. ஒராள் போதும் என்றார், ஒராள்தான் இருக்கிறேன்.

பெப்ரவரி 4, சுதந்திர தினம்

கேட்டில் கொடி கட்டினேன். பார்க்க யாரும் இல்லை. கட்டி முடித்ததும் கமராவை ஒரு தரம் பார்த்தேன். பழக்கம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

தனுஜா கொழும்பிலிருந்து வந்து நாலைந்து நாளாகிறது. இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா அம்மா போயிருப்பாங்க அக்கா. லைன் மட்டும் கெடைச்சிருந்தா இன்னும் முந்தியே தூக்கியிருக்கலாம்னு சார் சொன்னாரு.”

என்னால் அந்தக் கையை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

“லைன் இருந்திச்சி தனுஜா. போன் அடிச்சிக்கிட்டே இருந்திச்சி. நான்தான் எடுக்கல.”

“ஏன்?”

எப்படிச் சொன்னாலும் கேட்பவளுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். “வேல செய்யிற மாதிரி இருக்கணும்னு.”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. முகம் அப்படியே மாறியதை நான் பார்த்தேன்.

“எங்கம்மா அங்க கெடக்க... நீங்க நடிச்சிக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமா.”

“போயிருங்க. இனிமே எங்கம்மாவுக்குச் சோறு ஊட்ட வராதீங்க.”

கஞ்சிக் கிண்ணம் என் கையிலேயே இருந்தது. ஒரு தாதியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 9

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “என்னைய வச்சிக்கிட்டுத்தானே இந்தப் பாடு படுற” என்றாள். அதைக் கேட்கத்தானா சொன்னேன்? சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பெப்ரவரி 21, சனி

தனுஜாவிடமிருந்து போன். அடித்தவுடன் எடுத்தேன். இப்போது எந்தப் போன் அடித்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன்.

“அம்மாவ ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க. லயத்துல இருக்கோம். எனக்கு இதுக்கு மேல லீவு இல்ல, திங்கக்கெழம கடைக்குப் போகலன்னா வேற ஆள் போட்டுருவாங்க. எங்க வீட்டுல அம்மாவ வைக்க மாமியா சம்மதிக்கல.” மூச்சு விட்டாள். “பக்கத்து வீட்டு ஆளுங்கல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவாங்க. பகல்ல பாக்க ஒரு ஆளும் இல்ல.”

நான் பேசும் முன் சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. எனக்கு வேற வழியில்ல, அதான் கேக்குறேன்.”

“நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

எப்படிப் பார்ப்பேன்? நான் பங்களாவில், அவர் கீழே லயத்தில்.

பெப்ரவரி 22, ஞாயிறு

முதல் தடவையாக நானே ஐயாவுக்குப் போன் எடுத்தேன். பயந்துபோய் “என்ன நடந்தது?” என்றார்.

“ஒண்ணும் நடக்கல சார். மீனம்மாக்காவ எங்க காம்பராவுக்குக் கொண்டு வரப் போறேன். அம்மா பகல்ல பாத்துக்குவாங்க. நானும் இடையில போயிப் பாப்பேன்.”

“பிள்ளை, இது ஹோட்டல். ரோட்டுத் திறந்தா சனம் வரும். அப்பிடி ஒராளைப் பாத்தால் என்ன நினைப்பினம்?”

“முன்பக்கம் வர மாட்டாங்க சார்.”

“அதுக்கில்லை...”

“இல்லன்னா நாங்களும் போயிர்றோம் சார். அவங்க லயத்துக்கே போயிர்றோம்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். லயத்தின் அந்த ஒற்றைக் காம்பராவில் படுத்த படுக்கையாக ஒருவர், இடுப்பு வலியோடு ஒருவர், வேலை இல்லாத நான். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம். யாருக்கோ மிச்சச் சில்லறை கொடுக்கிற மாதிரி. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் பெற்றோல் ஷெட்டிலை வேலையிலை நிக்கிறன் பிள்ளை. என்ரை தலைக்கு மேலையும் ஒரு கமரா இருக்கு. கனநேரம் கதைக்கேலாது.”

பங்களா முதலாளி என்றால் அங்கேயும் நாற்காலியில் இருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“கொண்டு வாங்கோ” என்றார். “ஆனா வேலை பிந்தக் கூடாது.”

வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்தது நன்றியா, வேறு ஏதாவதா? அவருக்கும் அது வலிக்கும் என்றால், எங்களுக்கு ஏன் மாட்டினார்?

பெப்ரவரி 24

மீனம்மா அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தோம். அழகுமுத்து அண்ணன் கட்டில் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். அக்கா என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தனுஜா சொல்லியிருப்பாள். அல்லது, சொல்லாமலே தெரியுமோ? தரையில் கிடந்தபடி போன் அடிப்பதைக் கேட்டிருப்பாரோ? அன்று சாப்பாட்டு அறை ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மார்ச் 11, புதன்

மண் அள்ளும் இயந்திரம் கீழ் வளைவுக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க உறுமல்.

ஊட்டினால் அக்கா சாப்பிடுகிறார். துடைத்துவிட்டால் துடைக்க விடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மாவோடு மட்டும் கண்ணால் பேசுகிறார். கையை நீட்டி மடக்கும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் காட்டித் தந்தபடி காலையும் மாலையும் செய்கிறேன். என் கைக்குள் அந்தக் கை பிணம் மாதிரிக் கனக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

குளிப்பாட்டி, தலை துவட்டிக்கொண்டிருந்தேன். “சு...லா” என்றார். துண்டைப் போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். ஏசப் போகிறார், ஏசட்டும் என்று காத்திருந்தேன்.

“தண்...ணி.”

கொடுத்தேன். குடித்தார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6

ரோட்டுத் திறந்தாயிற்று. ஏப்ரல் விடுமுறை சீசனுக்கு எல்லா அறைகளையும் ஆட்கள் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் 18, சனி

பத்து நாளுக்கு மேலாக எழுத நேரமில்லை. மேலும் கீழும் ஓடுகிறேன். காலி, குருநாகல் பக்கமிருந்து குடும்பங்கள், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அவர்களுக்குப் பால் இல்லாத தேநீர், பிள்ளைகளுக்கு வெந்நீர், ஒரு அறையில் குழாய் அடைப்பு. ஐயாவிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. கமரா இருப்பதே மறந்துபோகிறது. இடுப்பு விட்டுப்போகிறது.

இன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் மேசைகள் நிரம்பிவிட்டன. கை துடைக்கும் துணிகள் போதவில்லை. அப்போதுதான் மீனம்மா அக்காவுக்குச் சோறு கொடுக்கவில்லை என்பது நினைவு வந்தது. அம்மாவையும் வெங்காயம் உரிக்க அடுப்படிக்குக் கூப்பிட்டு வைத்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கூடை. கொடியிலிருந்து அம்மா எடுத்து வந்து வைத்த, கை துடைக்கும் வெள்ளைத் துணிகள். ஒரு துணியின் நுனியைப் பல்லில் கடித்து, இடது கையால் இழுத்து, நெஞ்சோடு அழுத்தி மடித்துக்கொண்டிருந்தார். வலது கை பக்கத்தில் கிடந்தது. கட்டிலில் மடித்தவை ஒரு சின்னக் குவியல்.

“இங்க கமரா இல்லக்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது. “யாரும் பாக்க மாட்டாங்க. வேணாம், வையிங்க.”

இங்கே வந்த பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

“தெ...ரியும்” என்றார்.

பார்த்துக்கொண்டே அடுத்த துணியை எடுத்து நுனியைப் பல்லில் வைத்தார்.

முன்னால் யாரோ மணியடித்தார்கள். சோற்றுத் தட்டை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். எல்லாம் கோணல் மாணல். நடைவழியில் நின்று ஒன்றைப் பிரித்தேன். மறுபடி அவர் மடித்த அதே கோணலிலேயே மடித்தேன். பிறகு எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் வைத்தேன்.